பிராட்வேயில் கறுப்பினர் நாடகங்கள்: கூட்டம் நாடகத்துக்கா, நட்சத்திரத்துக்கா?

முத்துவேல்:
நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளான பிராட்வேயில் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் நாடகங்களுக்கு டிக்கெட்டே கிடைப்பதில்லை, அமெரிக்க ரசிகர்கள் கறுப்பினர் வாழ்க்கையைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நம் குழுவில் இரண்டு நாளாக எல்லோரும் மகிழ்கிறோம். எனக்கு உடன்பாடில்லை. 2010இல் அவருடைய 'ஃபென்சஸ்' மறுபடி மேடையேறியது, நாயகன் சினிமா நட்சத்திரம் டென்சல் வாஷிங்டன். 2022இல் 'தி பியானோ லெசன்', அதில் இன்னொரு சினிமா நட்சத்திரம் சாமுவேல் எல். ஜாக்சன். நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் எத்தனை பேர் வருவார்கள்? 2021-22 பருவத்தில் கறுப்பின எழுத்தாளர்களின் நாடகங்கள் வரிசையாக பிராட்வேக்கு வந்தன. அவற்றில் குறைந்தது இரண்டு, அறிவித்த தேதிக்கு முன்பே நின்றுவிட்டன.

கமலா, நியூ ஜெர்சி:
முத்துவேல் சார், அவை ஏன் நின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொரோனா. 'தாட்ஸ் ஆஃப் எ கலர்ட் மேன்' குழுவில் நடிகர்கள் நோயில் விழுந்தபோது, அதை எழுதிய கீனன் ஸ்காட்டே கையில் பிரதியை வைத்துக்கொண்டு ஒரு வேடத்தில் நடித்தார். நடிக்க ஆள் இல்லாமல் நின்ற நாடகம் அது. ரசிகர்கள் கைவிட்டதல்ல. இன்னொன்றான 'சிக்கன் அண்ட் பிஸ்கட்ஸ்' நகைச்சுவை நாடகம், நாம் பேசுகிற வகையே இல்லை.

நட்சத்திரக் கணக்குக்கு வருவோம். 1959 மார்ச்சில் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' வந்தது. சிகாகோவில் ஒண்டுக்குடித்தனத்தில் நெருக்கியடித்து வாழும் குடும்பம். அப்பா இறந்து வந்த 10,000 டாலர் காப்பீட்டுப் பணம். அதை என்ன செய்வது என்ற சண்டை. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வேக்குப் போன முதல் நாடகம், 530 காட்சிகள் ஓடியது.

முத்துவேல்:
அதில் சினிமா நட்சத்திரம் சிட்னி பாய்ட்டியர் இருந்தாரே அம்மா! நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்.

கமலா, நியூ ஜெர்சி:
இருந்தார், சில மாதங்களில் விலகியும் போனார். அந்த வேடத்தை நடிகர் ஓசி டேவிஸ் ஏற்றார். நாடகம் அடுத்த ஆண்டு வரை ஓடியது. நாடக அரங்கில் அவ்வளவு கறுப்பின மக்களைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் எழுதியிருக்கிறார். அதுவரை தங்கள் வீடு, தங்கள் அம்மா, தங்கள் சண்டை மேடையில் வராததால் வராமல் இருந்தவர்கள் அவர்கள்.

அருள்:
அக்கா, இடையில் ஒரு வார்த்தை. ரசிகர்களின் உற்சாகம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் கறுப்பின நாடகக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? 1996இல் பிரின்ஸ்டனில் நாடகக் கலைஞர்கள் மாநாட்டில் ஆகஸ்ட் வில்சன் கேட்டது இதைத்தான். தொழில்முறை அரங்குகளின் சங்கத்தில் 66 உறுப்பினர்கள், அதில் கறுப்பினருடையது ஒன்றே ஒன்று. அப்போது அவர் நாடகத்துக்கான புலிட்சர் பரிசை இரண்டு முறை வாங்கியவர். ஹான்ஸ்பெரிக்குக் கைதட்டி 37 வருடம் ஆன பிறகு இந்த நிலை! அடுத்தவன் துயரத்துக்கு இரண்டரை மணி நேரம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போவதை ரசனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கமலா, நியூ ஜெர்சி:
அருள் தம்பி, அரங்குக்குப் பணம் ஒதுக்குவது ரசிகன் கையிலா இருக்கிறது? கறுப்பினப் பெண் நாடகாசிரியர் ஆலிஸ் சில்ட்ரெஸின் 'ட்ரபிள் இன் மைண்ட்' 1955இல் நியூயார்க்கின் ஒரு சின்ன அரங்கில் நடந்து நல்ல பெயர் வாங்கியது. 1957இல் பிராட்வேக்குப் போக வேண்டியது. தயாரிப்பாளர்கள் வெள்ளையருக்கு உறுத்தாதபடி மாற்றித் தரச் சொன்னார்கள். திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு முடியாது என்றார் சில்ட்ரெஸ். நாடகம் நின்றது. பிராட்வேயில் அது ஏறியது 2021இல். ரசிகனுக்குப் பிடிக்காது என்று ரசிகனைக் கேட்காமலே முடிவுசெய்தவர்கள் யார்?

அப்புறம், அழுதுவிட்டுப் போவது பற்றி. சில வருடம் முன்பு ஒரு கல்லூரி அரங்கில் 'ஃபென்சஸ்' பார்த்தேன். நடித்தவர்கள் எல்லோரும் மாணவர்கள், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ட்ராய் குப்பை அள்ளும் தொழிலாளி. பேஸ்பாலில் பெரிய ஆளாக வந்திருக்க வேண்டியவன், நிறத்தால் வாசல் அடைபட்டது. மகன் ஒரு நாள் அவனிடம், என்னை ஏன் உங்களுக்குப் பிடிக்கவே இல்லை என்று கேட்கிறான். பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, சோறு போடுகிறேன், அது என் கடமை என்கிறான் ட்ராய். எனக்கு முன்வரிசையில் இருந்த கறுப்பினப் பெரியவர் 'ம்ம்' என்று உரக்கச் சொன்னார். தேவாலயத்தில் போதகருக்குப் பதில் சொல்வது போல. பக்கத்தில் என் மகன் என் கையைப் பிடித்தான். மதுரையில் என் அப்பாவும் இதே கணக்கில்தான் எங்களை வளர்த்தார். அங்கே யாரும் பரிதாபத்தால் உட்கார்ந்திருக்கவில்லை தம்பி.

அருள்:
அந்தக் காட்சியைப் படித்திருக்கிறேன் அக்கா. மேடையில் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த 66இல் ஒன்று என்பது எனக்கு ஆறவில்லை.

முத்துவேல்:
சில்ட்ரெஸ் 1994இல் இறந்துவிட்டார். தன் நாடகம் பிராட்வேயில் ஏறியதை அவர் பார்க்கவே இல்லை. அந்த 64 வருடத்துக்கு ரசிகர்களைக் குறைசொல்ல முடியாது, அதை ஏற்கிறேன். ஆனால் நட்சத்திரம் பற்றி நான் சொன்னதை விடமாட்டேன். வில்சன் சொன்ன அந்த ஒரே அரங்கு, நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் கிராஸ்ரோட்ஸ், என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். பெயர் தெரியாத நடிகர்கள் நடிக்கும் ஒரு நாளில் போய், எத்தனை இருக்கை நிரம்பியிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

கமலா, நியூ ஜெர்சி:
பின்வரிசையில் உட்காராதீர்கள் சார். நடுவில் உட்காருங்கள். அந்த 'ம்ம்' அங்கேதான் கேட்கும்.