லீவில் வந்து கேடருக்குத் தயாரான கதை

ராஜாக்கமங்கலம் பக்கம், ஓய்வு பெற்ற ஹவில்தார்

ராணுவத்தில் சிப்பாய் நாயக் பதவிக்கு உயர, கேடர் என்கிற பயிற்சித் தேர்வில் தேற வேண்டும். முதல் தடவை நாயக் கேடரில் நான் தோற்றது ஓட்டத்திலும் இல்லை, எழுத்துப் பரீட்சையிலும் இல்லை. பாடம் நடத்தும்போதுதான். பத்துப் பேரை எதிரில் உட்காரவைத்து, ரைஃபிளைப் பிரித்துப் பூட்டுவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்சாஸ் ரைஃபிளை நான் கண்ணைக் கட்டிக்கொண்டும் பிரிப்பேன். அந்தத் திமிரில் எடுத்த எடுப்பில் பாகங்களுக்குப் போய்விட்டேன். ‘ஷுரு ஷுரு கா காம்’ என்று தொடக்க வேலைகள் உண்டு. ஆள் எண்ண வேண்டும், ஆயுதத்தைச் சோதிக்க வேண்டும், போன பாடத்தில் நாலு கேள்வி கேட்க வேண்டும். அப்புறம்தான் பாடம். நான் மேகஸினை (குண்டு அடுக்கும் கூடு) கழற்றி, சேம்பர் (சுடுவதற்குக் குண்டு ஏறி நிற்கும் அறை) காலியா என்று பார்க்கவே இல்லை. உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், கையைத் தூக்கி நிறுத்தினார். “உள்ளே ஒரு ரவுண்டு இருந்திருந்தால்?” என்று இந்தியில் கேட்டார். அதோடு முடிந்தது.

நாயக் ஆகாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நாயக்குக்கு 22 வருஷ சர்வீஸ், ஹவில்தாருக்கு 24, நாயப் சுபேதாருக்கு 26, அதற்கு மேல் 2 வருஷம் நீட்டிப்பு. சிப்பாயாகவே நின்றால் அதற்கெல்லாம் முன்பே பெட்டியைக் கட்ட வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் தாண்டியிருக்காது, வீட்டு லோன் பாதியில் நிற்கும். பட்டையில் ஒரு கோடு கூடுகிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு அது வருஷக் கணக்கு.

அந்த ஆனியில் லீவு கிடைத்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார், எனக்கு மாமா முறை. தோற்ற சங்கதி எனக்கு முன்பே அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது (நம் ஊரில் இது அதிசயம் இல்லை). “லேய், காலையில கடப்புறத்துக்கு வா” என்றார்.

ராணுவ மேப்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மாமா மணலில் கம்பால் கட்டம் போட்டார். கோடுகளுக்கு நம்பர் கொடுத்தார். கிளிஞ்சலை ஒரு கட்டத்துக்குள் வைத்து கிரிட் ரெஃபரன்ஸ் (கோட்டு நம்பர்களால் இடத்தைக் குறிப்பது) சொல்லச் சொன்னார். நான் வடக்குக் கணக்கை முதலில் சொன்னேன். “பனைக்கிட்ட நடந்து போகாம எப்படிடே ஏறுவ?” என்றார். முதலில் கிழக்கே எவ்வளவு, பிறகு மேலே எவ்வளவு. பனையேறி மகனுக்கு இதைவிட எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தவறு வந்ததே இல்லை.

அடுத்த நாள் ரெசெக்‌ஷன். நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாதபோது, மேப்பிலும் கண்ணுக்கும் தெரிகிற இரண்டு இடங்களுக்கு காம்பஸ் பிடித்து, அந்தப் பேரிங்கை (வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்ற கணக்கு) திருப்பிப் போட்டுக் கோடு இழுப்பது. 180-க்குக் குறைவென்றால் 180 கூட்டு, கூட என்றால் கழி. கோடுகள் வெட்டுகிற இடத்தில் நாம் நிற்கிறோம். எனக்குத் தெரியும் என்று மேற்கே முட்டம் கலங்கரை விளக்கத்தையும் கிழக்கே மருந்துவாழ்மலையையும் எடுத்தேன். மாமா சிரித்துக்கொண்டே மணலில் இழுக்கச் சொன்னார். இழுத்துப் பார்த்தால் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒரே கோடு! “ஒண்ணுக்கு மேல ஒண்ணு படுத்துக் கிடக்கே, பின்ன எங்க வெட்டும்?” ஒன்று மேற்கில், ஒன்று கிழக்கில், நடுவில் நான். மழை மேகம் விலகியபோது வடக்கே வேளிமலை தெரிந்தது. அதைப் பிடித்த பிறகுதான் கோடு சுத்தமாகக் குறுக்கே வெட்டியது. யூனிட்டில் எத்தனையோ தடவை படித்தது. ஆனால் எந்த இரண்டு பொருளை எடுக்க வேண்டும் என்பது அந்த மணலில்தான் மண்டையில் ஏறியது.

கவாத்துக் குரலுக்கும் கடற்கரைதான். அலை சத்தத்தைத் தாண்டி ‘ஸ்க்வாட்’ என்று இழுத்து, ஒரு மூச்சு விட்டு, ‘தம்’ (நில்) என்று வெட்ட வேண்டும். முதல் நாள் நாய்கள்தான் திரும்பிப் பார்த்தன. இரண்டாம் நாள் கட்டுமரத்துப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களை வைத்தே ‘தாஹினே முட்’, ‘பாயே முட்’ எல்லாம் பழகினேன். இந்தி ஒரு எழுத்துத் தெரியாத பிள்ளைகள், மூன்றாம் நாள் என்னைவிட ஒழுங்காகத் திரும்பினார்கள். கட்டளையை நான் தாமதமாகக் கொடுத்தால் ஒருவன் மட்டும் தண்ணீருக்குள் போய்விடுவான். அவன் நனைந்தால் தப்பு என்னுடையது.

பாடத்தையும் அவர்களுக்கே நடத்தினேன். ரைஃபிளுக்குப் பதில் தென்னை மட்டை. ஒவ்வொரு தடவையும் மட்டையின் ‘மேகஸினை’க் கழற்றி, ‘சேம்பரை’ப் பார்த்து, “காலி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பாடம். மாமா பின்னால் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மறந்துவிட்டேன். ஒரு பொடியன், “அண்ணா, காலி பாக்கல” என்றான்.

கயிறு ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பி.பி.இ.டி. என்கிற உடல்தகுதித் தேர்வில் 5 கிலோமீட்டர் ஓட்டம், 60 மீட்டர், 9 அடி பள்ளம் எல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. செங்குத்துக் கயிறுதான் வழுக்கியது. அப்பா அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு புளிய மரத்தில் வடம் கட்டி, “பனையில தளைநார் பிடிக்குத மாதிரி இதுல கால் பிடிக்கணும், கையால உடம்பத் தூக்கக்கூடாது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கேடரில் பாஸ்.

கொளச்சல், மதராஸ் ரெஜிமெண்ட், ஹவில்தார்

சேம்பர் கதை எங்கள் பட்டாலியனிலும் ஆண்டுதோறும் ஒருத்தருக்காவது நடக்கும். நான் சொல்ல வந்தது வேறு. என் கேடரில் ரெஜிமெண்ட் வரலாறு கேட்டபோது, எனக்கு வந்தது 1741 கொளச்சல் போர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை அடித்தது, டச்சுப் படையின் டி லனாய் பிடிபட்டு அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தது, உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருப்பது, திருவிதாங்கூர்ப் படைதான் பிறகு நம் 9-ஆம், 16-ஆம் பட்டாலியன்களாக வந்தது என்று எல்லாம் சொன்னேன். “இவ்வளவு எங்கே படித்தாய்?” என்றார் ஆபிசர். “சாப், அந்த வெற்றித்தூண் பக்கத்தில்தான் எங்க வீட்டு வலை காயப்போடுவோம்” என்றேன். சிரித்துவிட்டார்.

ஆனால் பாஸான பிறகுதான் வினை. நான் எழுதித் தேறிய கல்விச் சான்று ரெக்கார்டில் ஏறவே இல்லை. அதைப் பதிவு செய்கிற பார்ட் டூ ஆர்டர் வரவில்லை. எனக்கு ஜூனியர் மூன்று பேர் நாயக் ஆனார்கள், நான் கிளார்க் மேசைக்கு நடந்துகொண்டிருந்தேன். சரியாக ஒன்பது மாதம். கேடருக்குப் போகும் முன்னே ஷீட் ரோலை (நம் சர்வீஸ் விவரப் பதிவு) கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பாருங்கள் தம்பிமாரே. மெடிக்கலும் அப்படித்தான். என்னோடு இருந்த ஒருவருக்கு நாயப் சுபேதார் முறை வந்த வருஷம் பார்த்துச் சர்க்கரை. ஷேப்-1 என்கிற முழு உடல்தகுதி போனது, முறையும் போனது. லீவில் வந்து ஒரே மாதத்தில் பொரிச்ச மீனும் பரோட்டாவுமாக ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் யோசிக்கலாம்.

மார்த்தாண்டம், ராணுவ வீரர் மனைவி

எங்க வீட்டுக்காரர் கேடருக்குப் படித்தது போனில்தான். கேள்விகளை அவர் ஒரு லீவில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். இரவு ஒன்பது மணிக்கு போன் வரும், நான் நோட்டைப் பார்த்துப் படிப்பேன், அவர் பதில் சொல்வார். எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. பதில் சரியா தப்பா என்று நோட்டில் இருக்கும் எழுத்தோடு ஒத்துப்பார்ப்பேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை மாறினாலும் “தப்பு” என்பேன். அவர் “அதுவும் சரிதான்” என்பார். “நோட்டில் அப்படி இல்லை” என்பேன். இதில் பாதி ராத்திரி சண்டையிலேயே போகும். மாமியார் இந்தப் பிள்ளை யாரோடு இந்தியில் சண்டை போடுகிறாள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ரிசல்ட் வந்த அன்று மரச்சீனிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். போன் எடுத்து, “பாஸா?” என்றேன். அவர் பதில் சொல்லாமல், “சாவ்தான்!” என்று ஒரு சத்தம். நான் கத்தியோடு எழுந்து விறைப்பாக நின்றுவிட்டேன்.