தேங்காய் நின்றால் தண்ணீர் வருமா?

புதுச் சான்று கிடைத்ததும் ஒன்றின் வாய்ப்பை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் பேயஸ் தேற்றம் வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று மாணவர்கள் கேட்டால், பென்னாகரம் பக்கம் எங்கள் சித்தப்பா கொல்லையில் போர் போட இடம் பார்த்த கதையைத்தான் சொல்வேன்.

நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வரப்பில் மெதுவாக நடந்தார். வேலியோரம் வந்ததும் தேங்காய் விருட்டென்று நிமிர்ந்து நின்றது. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அவரு காட்டுன எடத்துல எத்தனை பேருக்குத் தண்ணி வந்திருக்கு தெரியுமா?" என்றார்.

"தண்ணி வராத எடத்துல தேங்காய் என்ன பண்ணுச்சு சித்தப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "பக்கத்துக் கொல்லையிலயும் நின்னுச்சு. அங்க வெறும் புகைதான் வந்துச்சு."

தாமஸ் பேயஸ் இறந்தபின், 1763-ல் அவர் நண்பர் ரிச்சர்ட் பிரைஸின் முயற்சியால் வெளிவந்த கட்டுரையின் வழி வந்த கணக்குக்கு உயிரே இந்தக் கேள்விதான். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேங்காய் நிற்குமானால், அது நின்றதால் வாய்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சரி, முதலில் இருந்த வாய்ப்பு எவ்வளவு? நம்முடையது கெட்டிப் பாறை பூமி, வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். அதனால் சுற்றுவட்டாரப் போர்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நூற்றுக்கு 40-ல் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் முன்நிகழ்தகவு. அப்புறம் மிஷின் வைத்து நிலத்தின் மின்தடையை அளக்கிறோம். தண்ணீர் உள்ள இடங்களில் 80 சதவீதம் 'உண்டு' என்கிறது. இல்லாத இடங்களிலும் 30 சதவீதம் 'உண்டு' என்கிறது என்போம். 40-ல் 32, மீதி 60-ல் 18. மொத்தம் 50 இடத்தில் 'உண்டு', அதில் 32-ல்தான் தண்ணீர். ஆக 40 சதவீதம் 64 ஆகிறது. மிஷின் 80 சதவீதம் சரி என்றதும் தண்ணீருக்கும் 80 என்று நினைத்துக் கடன் வாங்குகிறார்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சித்தப்பா ஆரம்பத்திலேயே 80 சதவீதம் நம்பியிருந்தால், அதே மிஷின் பேச்சில் 91-ஐத் தாண்டியிருப்பார். கணக்கு ஒன்றுதான், தொடக்கம் வேறு. நூறு சதவீதம் நம்புகிறவரை மட்டும் எந்தச் சான்றும் அசைக்காது.

போர் இறங்க இறங்க இந்த எண்ணும் மாறும். 300 அடி தாண்டியும் ஈரம் காணோம் என்றால் 64 குறைந்தாக வேண்டும். எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை வண்டி வருமுன்பே சித்தப்பாவோடு பேசி முடித்துவிட்டோம்.

பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை பக்கம் போர் போட்டவர்கள் புகை வந்த போர்களையும் ஆழத்தோடு எழுதுங்கள். தண்ணீர் வந்த கதைகள் தாமாகவே காதுக்கு வந்துவிடுகின்றன.