மஞ்சள் பிடித்த டகுமார்: பழைய ஜப்பான் லென்ஸ்களோடு நம் அனுபவங்கள்

பழைய ஜப்பான் லென்ஸ் வாங்கி ஏமாந்தவர்கள், கொண்டாடியவர்கள், வாங்கிய கையோடு கழற்றிப் பார்த்துக் கெடுத்தவர்கள் எல்லோரும் இங்கே வந்து தங்கள் கதையை எழுதலாம். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது தோக்கியோவில், நிஷி-கசாய் பக்கம். நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். அங்கே தோசாய் லைன் வண்டியில் ஏறினால் மாறாமல் கொள்ளாமல் நாகானோ போய்விடலாம். நாகானோவில் பழைய கேமராக் கடைகள். ஒரே வண்டியில் போகலாம் என்பதுதான் என் பர்சுக்கு வந்த கேடு.

கண்ணாடி அலமாரியில் இருப்பதெல்லாம் என் வசதிக்கு மேலே. நான் நேராகப் போவது ‘ஜங்க்’ என்று எழுதிய பிளாஸ்டிக் கூடைக்கு. எடுத்தால் எடுத்ததுதான், திருப்பித் தர முடியாது, குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு லென்ஸிலும் ஒரு சின்னச் சீட்டு தொங்கும். என் ஜப்பானிய மொழி மளிகைக்கடை அளவுக்குத்தான் வரும். ஆனால் இரண்டு சொற்களை மட்டும் பாடம் பண்ணி வைத்திருந்தேன். கபி என்றால் பூஞ்சை. குமோரி என்றால் உள்ளே புகை படிந்ததுபோல் மங்கல். இந்த இரண்டும் இல்லாமல் வேறு ஏதோ எழுதிய ஒரு சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 கையில் கிடைத்தது. விலை 3,300 யென். சீட்டில் இருப்பது என்னவென்று கடைக்காரரிடம் காட்டிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பில் போடும் வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, லென்ஸை அதன் மேல் நிறுத்தினார். லென்ஸ் வழியாகப் பார்த்தால் தாள் நீர்த்த டீ நிறத்தில் தெரிந்தது.

விஷயம் இதுதான். 1964இல் ஸ்பாட்மேட்டிக் கேமரா வந்த சமயத்தில், பென்டாக்ஸ் கேமராக்களைச் செய்த அசாஹி கம்பெனிக்காரர்கள் இந்த லென்ஸை முதலில் எட்டுக் கண்ணாடி வைத்துச் செய்தார்கள். பிறகு ஏழு கண்ணாடிக்கு மாற்றியபோது, ஒளியை அதிகமாக வளைக்க வேண்டும், நிறமும் பிரியக்கூடாது என்று தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடியைப் போட்டார்கள். தோரியம் கதிரியக்கமுள்ளது. அது மெல்ல மெல்லத் தன் கண்ணாடியையே மஞ்சளாக்கிவிடும். எட்டா ஏழா என்று தெரிய, ஃபோகஸ் அளவுக்கோட்டில் இருக்கும் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். அது 4 என்ற எண்ணுக்கு வலப்பக்கம் தள்ளி இருந்தால் எட்டு. என்னுடையது ஏழு.

இந்த மஞ்சளுக்கு மருந்து வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் கரையும். தோக்கியோவில் மழைக்காலத்தைவிட குளிர்காலம்தான் இதற்குத் தோது; வானம் நாள் கணக்கில் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். முதல் நாள் ஆர்வத்தில் லென்ஸை ஒரு துண்டின் மேல் சாய்த்து, சூரியனைப் பார்க்கும்படி வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டேன். சிறிது நேரத்தில் ஊதுபத்தி மாதிரி ஒரு வாசனை. திரும்பிப் பார்த்தால் லென்ஸுக்குப் பின்னால் தத்தாமிப் பாயில் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நூல்போல் புகை. பூதக்கண்ணாடியில் காகிதம் கொளுத்தி விளையாடிய வயது போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. புத்தி மட்டும் வரவில்லை.

மறுநாளிலிருந்து பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடிவிட்டேன். அப்படிச் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே போன வெளிச்சம் திரும்பி வந்து இரண்டாவது முறையும் கண்ணாடியைக் கடக்கும். மூன்று வாரம். வாரத்துக்கு ஒரு தரம் அதே மாதிரி வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். டீ, எலுமிச்சைச் சாறு, அப்புறம் வெறும் தண்ணீர்.

ஒன்று சொல்ல வேண்டும். வெயிலில் வைக்கும் முன்பே ஒரு கருப்பு வெள்ளை ரோல் எடுத்திருந்தேன். மஞ்சள் கண்ணாடி மஞ்சள் ஃபில்டர் வேலையைச் செய்து, வானத்தை லேசாகக் கருக்கி, மேகத்தை எடுத்துக் காட்டியிருந்தது. கருப்பு வெள்ளை மட்டும் எடுப்பவர்கள் சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் கட்சி.

* * *

டகுமார் அண்ணனுக்கு வணக்கம். உங்களுக்குப் பாயில்தான் ஓட்டை. எனக்கு மானத்தில்.

அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தபோது வாங்கிய நிக்கான் எஃப்.எம்.2 வீட்டில் சும்மா கிடந்தது. 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த அந்த ஆப்கன் சிறுமி படம் எல்லோருக்கும் தெரியும். அது எஃப்.எம்.2 பாடியில் 105 மி.மீ. எஃப் 2.5 நிக்கோர் லென்ஸ் மாட்டி எடுத்தது என்று படித்ததும் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. பாடி இருக்கிறது, லென்ஸ் மட்டும்தானே! ஜப்பானிலிருந்து வரவழைத்தேன். நிக்கோர்-பி என்று முகத்தில் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் நிக்கோர் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து கண்ணாடிகளின் எண்ணிக்கையைச் சொல்லும். பி என்றால் பென்ட்டா, ஐந்து. ஹெச் ஆறு. எஸ் ஏழு. இதையெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்துவிட்டுத்தான் மாட்டப் போனேன். மாட்டவில்லை.

1977இல் நிக்கான் ‘ஏ.ஐ.’ முறையைக் கொண்டுவந்தது. (இன்றைக்கு ஊரே பேசும் ஏ.ஐ. அல்ல இது. லென்ஸின் அதிகபட்ச அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் வாய், எவ்வளவு என்பதை பாடிக்குத் தானாகச் சொல்லும் ஏற்பாடு.) அதற்கு முந்தைய லென்ஸ்களின் அப்பர்ச்சர் வளையம், பாடியின் விளிம்பில் இருக்கும் சின்னக் கொக்கியில் முட்டும். 77இல் வந்த எஃப்.எம். பாடியில் அந்தக் கொக்கியை மடக்கிவிடலாம். எஃப்.எம்.2இல் மடங்காது. என் லென்ஸ் 77க்கு முந்தையது. விற்றவர் படத்தில் எல்லாம் தெளிவாகவே இருந்தது, பார்க்கத் தெரியாதது நான்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் அப்பாவின் கேமரா போயிருக்கும்.

கடைசியில் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் வளையத்தைக் கழற்றி, பின்விளிம்பை ஒரு பக்கம் அரத்தால் ராவி, அளவாக ஒரு படி விட்டுக் கொடுத்தார். கையில் காலிப்பர், வாயில் வெற்றிலை. முதல் ரோலில் அம்மா முறத்தில் உளுந்து புடைப்பதை எடுத்தேன். 36இல் ஐந்து படத்தில்தான் ஃபோகஸ் கண்ணில் விழுந்திருந்தது. அந்த ஐந்தும் போதும்.

* * *

எழுத்துக் கணக்கு என்றதும் ஒரு சின்னக் குறுக்கீடு. மினோல்டாவிலும் அப்படி எழுத்து உண்டு, ஆனால் கணக்கு வேறு. என்னிடம் இருப்பது ரொக்கோர்-பி.எஃப். 58 மி.மீ. எஃப் 1.4. இதில் பி என்பது ஐந்து கண்ணாடித் தொகுதி, எஃப் என்பது ஆங்கிலத்தில் ஆறாவது எழுத்து, அதாவது ஆறு கண்ணாடி. நிக்கானை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து கண்ணாடி என்று ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன்.

சரி, என் பாவக்கதை. நான் கோபேயில் இருக்கிறேன். லென்ஸின் ஃபோகஸ் வளையம் இறுகிப்போய், திருப்பினால் பாடியிலிருந்தே லென்ஸ் கழன்று வந்துவிடும்போல் இருந்தது. உள்ளே பழைய கிரீஸ் காய்ந்துவிட்டது. வீடியோ பார்த்துக்கொண்டே ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்தேன்.

முதல் தப்பு ஸ்க்ரூடிரைவர். ஜப்பான் ஸ்க்ரூவின் கூட்டல் குறிப் பள்ளம் நாம் வழக்கமாக வைத்திருக்கும் ஃபிலிப்ஸ் முனைக்கு முழுதாகப் பொருந்தாது. ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தரநிலை) முனை என்று தனியாக இருக்கிறது. தெரியாமல் ஃபிலிப்ஸை வைத்து அழுத்தி இரண்டு ஸ்க்ரூவின் தலையை மழுக்கிவிட்டேன்.

இரண்டாவது தப்புதான் பெரிய தப்பு. ஃபோகஸ் வளையத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மரை வெட்டிய குழாய்கள் இருக்கும், ஹெலிக்காய்டு என்பார்கள். சாதாரண போல்ட்டுக்கு மரை ஒன்று. இதற்குப் பல. எந்த மரையில் நுழைத்தாலும் நுழையும், ஆனால் ஒன்றில்தான் சரியாக உட்காரும். அதனால் கழற்றும்போது, பிரியும் அந்தக் கணத்தில் நிறுத்தி, இரண்டு குழாயிலும் நேருக்கு நேர் ஒரு கீறல் போட வேண்டும். வீடியோவில் அந்த ஆள் சொன்னார். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே திருப்பினேன். வழுக்கிக்கொண்டு இரண்டாக வந்துவிட்டது.

மூன்று ராத்திரி. பெட்ரோல் வாசனை, பல் தேய்க்கும் பிரஷ், புது கிரீஸ். ஒவ்வொரு மரையாக நுழைத்து, லென்ஸை மாட்டி, கேமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் மங்கலான செல்லோ டேப்பை இழுத்து ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும்) பிடித்துக்கொண்டு பார்ப்பேன். தூரத்துப் பொருள் டேப்பில் தலைகீழாக, கூர்மையாக விழ வேண்டும். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்துப் பொருள் ரொக்கோ மலை, 931 மீட்டர். அந்த மலையின் பெயரைத்தான் மினோல்டாக்காரர்கள் லென்ஸுக்கு வைத்தார்கள். ரொக்கோ மலையை வைத்து ரொக்கோருக்கு இன்ஃபினிட்டி (வெகு தூர ஃபோகஸ்) பிடித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். நான்காவது நாள் விடிகாலை, மலை உச்சிக் கம்பங்கள் டேப்பில் ஊசி மாதிரி நின்றன. சத்தம் போட்டுக் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

* * *

நான் சென்னை, கடற்கரைக்குப் பக்கம். எனக்குக் கழற்றும் தைரியமெல்லாம் இல்லை. ஜப்பானிலிருந்து பளிங்கு மாதிரி வந்த லென்ஸை, அதோடு வந்த அழகான தோல் உறையிலேயே போட்டு பீரோவில் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை போனது. தையில் எடுத்து டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி வலை. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது மடி. சுத்தம் செய்தபிறகும் கோட்டிங்கில் அரித்த தடம் அப்படியே இருக்கிறது. இப்போது மூடி இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரமானி, 45 சதவீதம். உறை கொலுப் படியில்.

ஒரு சந்தேகம்: தோரியம் லென்ஸை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? குழந்தை இருக்கும் வீடு.

* * *

தோரியம் பற்றி: தூரம் கூடக்கூட அளவு வேகமாகக் குறையும், அலமாரியில் இருக்கும் லென்ஸுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. செய்யக்கூடாதது, கண்ணாடியைச் சுரண்டுவது, உடைப்பது, தூளை மூச்சில் இழுப்பது. கண்ணில் ஒட்டிப் பார்க்கும் பூதக்கண்ணாடியாகவும் வேண்டாம். பொறுத்திருந்தால் தானாக அடங்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். தோரியம் பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும்.

* * *

எல்லோரும் பூஞ்சை, மரை, அரம் என்று பயமுறுத்துகிறீர்கள். என் லென்ஸில் ஒரு குறையும் இல்லை. குறை என்று நான் நினைத்ததுதான் கதை.

ஒலிம்பஸ் ஓ.எம்.-1 கேமரா, ஸூயிக்கோ 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். ஒலிம்பஸ் பொறியாளர் மைதானி வடிவமைத்து 1972இல் வந்த கேமரா. முதலில் எம்-1 என்றுதான் வந்தது, லைக்காக்காரர்கள் அது தங்கள் பெயர் என்று சொல்ல, முன்னால் ஓ சேர்ந்தது. என் கை சிறியது, அதனால்தான் இதை வாங்கினேன். லென்ஸின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான். கழற்ற இரண்டையும் சேர்த்து அழுத்துவேன், வந்துவிடும். அதில் ஒரு பக்கத்துப் பொத்தானை மட்டும் அழுத்தினால் லென்ஸ் வராது, உள்ளே ஏதோ கிடுகிடு என்று நகரும். ஒரு பக்கம் கெட்டுவிட்டது என்றே ஆறு மாதம் நினைத்திருந்தேன்.

ஜூலையில் உவேனோவில், ஷினோபாசு குளத்தில் தாமரை எடுத்துக்கொண்டிருந்தேன். தொப்பி போட்ட தாத்தா ஒருவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார், தயங்கிக்கொண்டே கொடுத்தேன். அப்பர்ச்சர் வளையத்தை 11க்குத் திருப்பி, கண்ணில் வைத்துப் பார்க்கச் சொல்லி, அந்த ‘கெட்ட’ பொத்தானை அழுத்தினார். வியூஃபைண்டர் இருண்டது. பூவுக்குப் பின்னால் கஞ்சியாகக் கலங்கிக் கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக விளிம்பு கட்டி வந்தன. விட்டார், கலங்கியது. அழுத்தினார், வந்தது. படம் எப்படி விழும் என்று எடுக்கும் முன்பே காட்டும் பொத்தான் அது. பல கம்பெனிகள் பாடியில் வைத்ததை இவர்கள் லென்ஸில் வைத்துவிட்டார்கள். கழற்றும் பொத்தான் அடுத்தது மட்டும்தான்.

அவர் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். நான் ஒரு கையால் வாங்கிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

* * *

எல்லோருக்கும் நன்றி. ஹெலிக்காய்டு கதையைச் சரியான நேரத்தில் படித்தேன். போன ஞாயிறு கூடையிலிருந்து இன்னொன்று எடுத்து வந்திருக்கிறேன், வளையம் இறுகியது. கீறல் போட ஊசி தயாராக வைத்திருக்கிறேன்.

தத்தாமி என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வருகிற மார்ச்சில் வீடு காலி செய்கிறோம். அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று தெரியும்வரை அந்தக் கரும்புள்ளியின் மேல் ஒரு முக்காலி நிற்கிறது. அதன் மேல் டகுமார், மூடி போட்டு.