நான்காம் வகுப்போடு மகனின் வழி முடிவாகிவிடுமா? (ஜெர்மனியின் பவேரியா, மிட்டல்ஷூலே)

கேள்வி (ஆக்ஸ்பர்க்வாசி): வணக்கம். என் மகன் இங்கே நான்காம் வகுப்பு படிக்கிறான். மே மாதச் சான்றிதழில் ஜெர்மன், கணிதம், சுற்றுப்புற அறிவு ஆகிய மூன்றின் சராசரி 3.0 ஆக இருக்கும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். இங்கே 1 தான் மிகச் சிறந்த மதிப்பெண்; எண் கூடக்கூடத் தரம் குறையும். பல்கலைக்கழகத்துக்கு நேரே இட்டுச்செல்லும் கிம்னாசியத்துக்கு 2.33, பத்தாம் வகுப்புவரை உள்ள ரியால்ஷூலேவுக்கு 2.66 வேண்டும் என்பதால், முன்பு ஹாப்ட்ஷூலே எனப்பட்ட, பெரும்பாலும் தொழிற்பயிற்சிக்கு இட்டுச்செல்லும் மிட்டல்ஷூலேதான் அவனுக்கு. பழைய மிதிவண்டியைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுவதிலேயே பொழுதைப் போக்கும் பிள்ளை. பொறியியல் படிப்பு என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதானா? தனிப்பயிற்சி வைத்து, மதிப்பெண் போதாத பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் இடம் பெற நடத்தும் மூன்று நாள் சோதனை வகுப்புக்கு அனுப்பிப் பார்க்கலாமா?

பதில் (அரமும் அளவுகோலும்): நான் மிட்டல்ஷூலேவில் படித்தவன். ஒன்பதாம் வகுப்பில் ‘குவாலி’ எனும் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று, இயந்திரப் பராமரிப்பில் மூன்றரை ஆண்டு ஆஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சி செய்தேன். தொடக்கத்தில் வாரக்கணக்கில் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தோம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பயிற்றுநர் திருப்பிக் கொடுத்துவிடுவார். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் தொழிற்கூடம், மாதந்தோறும் ஊதியம். செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்காவிட்டால் இறுதித் தேர்வுக்கே அனுமதி இல்லை. அதன்பின் தொழில் கற்றவர்களுக்கான மேல்நிலைப் பள்ளியான பெரூஃப்ஸ்ஓபர்ஷூலே வழியாக உயர்கல்விக்குச் சென்று, இயந்திரப் பொறியியல் முடித்தேன். உங்கள் மகனைப் போன்ற பிள்ளையைத் தனிப்பயிற்சியில் வாட்ட வேண்டாம் என்றே மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் (கரும்பலகை): மேலே உள்ளவரின் வழி உண்மையானது, ஆனால் நீண்டது. அதைவிட நேரான வழி, ஏழாம் வகுப்பில் தொடங்கும் ‘எம்’ பிரிவு. மதிப்பெண் இருந்தால் அதில் சேர்ந்து, பத்தாம் வகுப்பின் முடிவில் ரியால்ஷூலேவுக்கு இணையான சான்றிதழ் பெறலாம்; அதில் ஜெர்மன், ஆங்கிலம், கணிதம் மூன்றிலும் சேர்த்துச் சராசரி 3.5 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் உயர்கல்விக்குத் தயார்செய்யும் மேல்நிலைப் பள்ளியான ஃபாஹ்ஓபர்ஷூலேவின் தொழில்நுட்பப் பிரிவு திறந்திருக்கிறது. பத்து வயதில் பிள்ளைகளைப் பிரிப்பதை நான் ஏற்கவில்லை. பெர்லினில் தொடக்கப்பள்ளியே ஆறாம் வகுப்புவரை இருக்கிறது. இருந்தாலும் உங்கள் கையில் இருப்பது அவனுடைய ஜெர்மன் மொழிதான். கணக்கு வருகிற பிள்ளையும் கேள்வியின் நீண்ட வாக்கியம் புரியாமல் தடுமாறுவதை வகுப்பில் நாள்தோறும் பார்க்கிறேன். தனிப்பயிற்சிக்குச் செலவிடும் பணத்தை வாசிப்புக்குச் செலவிடுங்கள்.

ஆக்ஸ்பர்க்வாசி: இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லா மிட்டல்ஷூலேக்களிலும் ‘எம்’ பிரிவு இல்லை என்று இப்போது அறிந்தேன். அடுத்த வாரம் ஆசிரியையைச் சந்திக்கும்போது, எங்கள் வீட்டுக்கு அருகில் அது எந்தப் பள்ளியில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கப்போகிறேன்.