புதுப்பிப்பு: ஸ்டீயரிங் பட்டன்கள் புது ஸ்டீரியோவில் வேலை செய்கின்றன

புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கில் உள்ள வால்யூம், டிராக் பட்டன்கள் செத்துக் கிடக்கின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது எல்லாப் பட்டன்களும் வேலை செய்கின்றன.

கை கொடுத்தது "முதலில் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்" என்ற யோசனைதான். சாவியை அணைத்து, ஸ்டீரியோவைக் கழற்றி, பின்னால் வரும் ஸ்டீயரிங் பட்டன் வயருக்கும் அதன் கிரவுண்டுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் வழி) நடுவே ஓம், அதாவது மின்தடை, அளந்தேன். ஒவ்வொரு பட்டனை அழுத்தும்போதும் வேறு வேறு எண் வந்தது. அப்படியென்றால் இது ரெசிஸ்டர் வகை, அதாவது ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு தனி மின்தடை. கேன் பாக்ஸ் (வண்டியின் டிஜிட்டல் சிக்னலை ஸ்டீரியோவுக்குப் புரியும்படி மாற்றும் சின்னப் பெட்டி) தேவையில்லை. எண் மாறவே இல்லையென்றால் உங்கள் வண்டி பட்டன் அழுத்தலை டிஜிட்டல் செய்தியாக அனுப்பும் கேன் பஸ் வகையா என்று பாருங்கள். ஏர்பேக் இருப்பதால் ஸ்டீயரிங்கைப் பிரிக்க வேண்டாம், அதற்கு அவசியமும் இல்லை.

அந்த வயரை, ஸ்டீரியோவில் ஸ்டீயரிங் பட்டன்களுக்காக உள்ள கீ1 வயரோடு இணைத்தேன். அப்புறம் செட்டிங்ஸில் ஸ்டீயரிங் லேர்னிங் போய், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே திரையில் அதற்கான படத்தைத் தொட்டு, கடைசியில் சேமித்தேன்.

எதிர்பாராதது ஒன்று: ஹெட்லைட் போட்டதும் வால்யூம் பட்டன் டிராக்கை மாற்றியது! ஸ்டீயரிங் கிரவுண்டு வண்டியின் உலோக பாடியில் இணைந்திருந்தது. பட்டன் விளக்குகளின் கரண்டும் அதே வழியில் ஓடியதால் வோல்டேஜ் நகர்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் கிரவுண்டை ஸ்டீரியோவின் சொந்த கிரவுண்டு வயரோடு சேர்த்து, மறுபடி லேர்னிங் செய்தேன். இப்போது இரவிலும் சரியாக இருக்கிறது.