திபெத் சேணத்தின் தங்கத்துக்கு அடியில் கீறல்: பழசா, போலியா?

பித்தளைக்குடம்:
"17ஆம் நூற்றாண்டு திபெத்தியப் பிரபுவின் சேணம், இரும்புத் தகட்டில் தங்க வேலை" என்று நான்கு லட்சத்துக்கு ஒருவர் விற்கிறார். இருக்கைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கிற பின்மேட்டுத் தகட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தங்கம் தேய்ந்த இடமெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்! ஏதோ பட்டறையில் அரத்தால் ராவி, மேலே தங்கப் பூச்சு அடித்திருக்கிறார்கள். இதைப் போய் அபூர்வம் என்று இங்கே பரிந்துரைத்தவர் என்ன சொல்லப் போகிறார்?

மலைச்சாரல்:
பரிந்துரைத்தது நான்தான். அந்தக் கீறல்தான் வேலையே. தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து பூசிச் சூடாக்குகிற பாதரச முலாம் செம்பில் பிடிக்கும், இரும்பில் நேரடியாகப் பிடிக்காது. பாதரசத்தை இரும்புக் குடுவையில் அடைத்து விற்றதே அது இரும்போடு கலக்காது என்பதால்தான். அதனால் இரும்பை நெருக்கமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பின் மேல் தங்கத் தகட்டை வைத்துத் தட்டுவார்கள். உதய்பூரில் வாள் பிடிக்கு இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

பித்தளைக்குடம்:
இன்றும் செய்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் இதுவும் இன்று செய்ததுதான். 300 வருடக் கீறலுக்குள் துரு இருக்க வேண்டாமா? இது பளபளக்கிறது.

மலைச்சாரல்:
தங்கம் மூடியிருந்த இரும்பில் எப்படித் துரு ஏறும்? லாசாவில் மோன்லாம் என்கிற பெரிய பிரார்த்தனை விழாவுக்குப் பழைய கவசமும் சேணமும் பூட்டிய குதிரைப்படை 20ஆம் நூற்றாண்டிலும் அணிவகுத்தது. புழக்கத்தில் இருந்த பொருளைத் துடைத்துத்தான் வைத்திருப்பார்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2006இல் திபெத்தியப் போர்க்கருவிகளுக்கென்றே கண்காட்சி நடத்தியது. அதில் இருந்த சேணத் தகடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். டிராகன் உருவத்தை ஊடுருவ வெட்டி எடுத்த அந்த நேர்த்தி ராவுகிற பட்டறையில் வராது.

வடுவூரான்:
கீறல் இருக்கட்டும். 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது, 1972ஆம் வருடச் சட்டம். விற்பவர் 'உலகெங்கும் அனுப்புவோம்' என்று போட்டிருக்கிறாரே?

மலைச்சாரல்:
அது விற்பவரிடம் கேட்க வேண்டியது. நான் கீறலைப் பற்றிப் பேசுகிறேன்.

பித்தளைக்குடம்:
நன்றாகக் கவனியுங்கள், சட்டம் என்றதும் நழுவுகிறார். பழசு என்றால் அனுப்ப முடியாது, அனுப்ப முடியும் என்றால் புதுசு. போன வருடம் என் குத்துவிளக்கை 'நாச்சியார்கோவில் புது வார்ப்பு' என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் இவர். அது என் பாட்டி வீட்டு விளக்கு.

மலைச்சாரல்:
விளக்கின் அடியில் வார்ப்பு மண்கூட உதிராமல் இருந்தது, அதனால் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன். சேணத்துக்கு வாருங்கள். நீங்கள் ஒரு சேணத்தையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மரச்சட்டத்தில் தோல்வார் கட்டிய துளை தேய்ந்திருக்கிறது, இருக்கையின் விளிம்பு மழுங்கியிருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கீறலையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கல்லிடைக்காரன்:
மரம் பழசாகவும் தகடு புதுசாகவும் இருக்கலாமே, சார்?

மலைச்சாரல்:
ஆணித் துளைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மாற்றியிருந்தால் மரத்தில் பழைய துளை தெரியும். தகட்டின் பின்பக்கப் படம் கேட்டிருக்கிறேன்.

பித்தளைக்குடம்:
எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் அரம் போட்ட கீறல் கீறல்தான். அப்புறம், அந்த விளக்குக்கு ரசீது என் மாமாவிடம் இருக்கிறது. நாளைக்குப் போடுகிறேன்.

மலைச்சாரல்:
போடுங்கள். அதில் எந்த வருடம் என்று பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.