ஹோட்டல் சிங்க் தண்ணீரைப் பாதாள சாக்கடையில் விடலாமா? எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி கட்டியே ஆக வேண்டுமா?

செல்லூர் மெஸ்:
வணக்கம். மதுரை செல்லூரில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம். மதியம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா, சால்னா, கோழி வறுவல். போன வாரம் கடை வாசலில் இருக்கிற மேன்ஹோல் பொங்கி ரோடெல்லாம் கழிவுநீர். மாநகராட்சி ஆட்கள் வண்டி கொண்டுவந்து அடைப்பு எடுத்தபோது குழாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக மெழுகு மாதிரி கட்டிகள் வந்தன. "இது உங்க கடை எண்ணெய்தான், தொட்டி கட்டாம இனிமே விடக்கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். டெபாசிட் கட்டி, மாதாமாதம் கட்டணமும் கட்டித்தான் இணைப்பு வைத்திருக்கிறோம், விடுவதும் பாத்திரம் கழுவின தண்ணீர்தான், வீடுகளிலும் அதைத்தானே விடுகிறார்கள்? எதை எவ்வளவு விடலாம் என்று சட்டத்தில் அளவு ஏதும் இருக்கிறதா? பக்கத்துக் கடை அண்ணன் வாரம் ஒரு தடவை கொதிக்கிற தண்ணீரில் காஸ்டிக் சோடா கலந்து ஊற்றினால் போதும் என்கிறார். அது சரியா?

பழைய ஓவர்சியர்:
தம்பி, அளவு இருக்கிறது. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாவது அட்டவணையில் பொதுச் சாக்கடைக்கென்று தனியாக ஒரு பத்தியே உண்டு. எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 600, பி.ஓ.டி. (அழுக்கை நுண்ணுயிர் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 350, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5லிருந்து 9க்குள். 20 மில்லிகிராம் என்றால் ஒரு குடம் தண்ணீரில் சில சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். சால்னா சட்டியை அப்படியே சிங்கில் கவிழ்த்தால் அதைவிட எத்தனை மடங்கு போகும் என்று நீங்களே பாருங்கள். வீட்டில் ஒரு வாணலி, உங்களிடம் ஒரு ராத்திரிக்கு எத்தனை தட்டு?

அதே அட்டவணையில் ஒரு குறிப்பு இருக்கிறது, அதைப் பலரும் படிப்பதில்லை. நுண்ணுயிர் முறையில் சுத்திகரிக்கிற நிலையத்துக்குப் போகும் சாக்கடைக்குத்தான் இந்தச் சலுகை. அப்படிப் போகாவிட்டால் ஆற்றில் விடுவதாகவே கணக்கு, பி.ஓ.டி. 30, எண்ணெய் 10. அதனால் முதலில் உங்கள் குழாய் உண்மையிலேயே பாதாள சாக்கடையில்தான் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம்ம ஊரில் கழிப்பறை லைனைச் சரியாகக் கொடுத்துவிட்டு சிங்க் லைனை மட்டும் மழைநீர் வடிகாலில் விட்ட கட்டடங்கள் நிறைய. செல்லூரில் அப்படி விட்டால் பந்தல்குடி வாய்க்கால் வழியாக நேரே வைகைதான். நான் வேலையில் இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனேன்.

கொதிநீர் விஷயம் சுத்தமாக வேண்டாம். சூட்டில் உருகுகிற எண்ணெய் உங்கள் குழாயைத் தாண்டி, தெருக் குழாயில் ஆறினதும் மறுபடி உறையும். அடைப்பு உங்கள் வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்கு இடம் மாறும். காஸ்டிக் ஊற்றினால் பி.எச். வரம்பும் தாண்டிவிடும்.

தொட்டி பெரிய வேலை இல்லை. நடுவில் ஒரு தடுப்பு, வெளியே போகிற குழாய்க்கு உள்பக்கம் ஒரு T வடிவ இணைப்பு போட்டு அதன் வாய் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், அடித்தண்ணீர் மட்டும் போகும். தண்ணீர் உள்ளே நின்று ஆறுவதற்கு நேரம் கிடைக்கிற அளவு பெரிதாகக் கட்டுங்கள். கழிப்பறை லைனை மட்டும் இதற்குள் கொண்டுவந்துவிடாதீர்கள்.

சுங்குடி வீடு:
ஓவர்சியர் சார் சொன்ன பி.எச். விஷயம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குடும்பம் சுங்குடிக்குச் சாயம் போட்டது. சாயத்தண்ணீரில் காஸ்டிக், உப்பு எல்லாம் இருக்கும். அமிலம் ஊற்றிச் சமன் செய்துவிட்டால் போதும் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். உப்பு அப்படியே நிற்கும், அவனியாபுரத்தில் நாளுக்கு 12.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையமே என்றாலும் அங்கே வேலை செய்வது நுண்ணுயிர்தான், அது உப்பைத் தின்னாது. பட்டறைக்கு மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் வேண்டும், 1974 தண்ணீர்ச் சட்டத்தில் சாக்கடையில் விடுவதும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

உங்களுக்கு ஒன்று. சோறு வடித்த கஞ்சியையும் அரிசி கழுவின தண்ணீரையும் சிங்கில் ஊற்றாதீர்கள். கழனித்தண்ணீரை எடுத்துப் போக மாடு வைத்திருப்பவர்கள் செல்லூர்ப் பக்கம் இன்னமும் இருக்கிறார்கள். பொரித்த எண்ணெயைத் தனி டின்னில் ஊற்றி வையுங்கள், பயோடீசலுக்கு விலை கொடுத்து எடுப்பவர்கள் உண்டு, உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018லிருந்து இதை நடத்துகிறது.

மேலூர் ரோடு:
என் அப்பா துப்புரவுப் பணியில் இருந்தவர். அந்த வெள்ளைக் கட்டியைக் கையால் தோண்டி எடுத்திருக்கிறார், வீட்டுக்கு வந்தால் மூன்று தடவை குளித்தாலும் அந்த வாடை போகாது. கொழுப்பு அடைத்து அழுக்குத் தண்ணீர் நகராமல் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும், அதிகமானால் மூக்குக்கு வாடையே தெரியாமல் போகும், அதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். கழுவுகிற ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வரும், தயவுசெய்து இரண்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள்.

அடுத்த தடவை அடைத்தால், இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துத் தெரிந்த ஆள் ஒருவரை உள்ளே இறக்கி எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கினால் முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தனிநபர் கூப்பிட்டாலும் அதுதான். உயிர் போனால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. 14420 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இயந்திரம் வரும்.

செல்லூர் மெஸ்:
எல்லோருக்கும் நன்றி. மேலூர் ரோடு அண்ணே, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். டின் இன்றைக்கே வைத்தாயிற்று, தட்டை வழித்துப் போட்ட பிறகுதான் சிங்க் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன். குழாயைப் பார்த்தோம், பயந்த மாதிரி இல்லை, பாதாள சாக்கடையில்தான் சேர்கிறது. சிங்குக்கும் வாசலுக்கும் நடுவில் நாலடி இடம் இருக்கிறது. ஓவர்சியர் சார், மூடி கான்கிரீட்டில் போடலாமா?

பழைய ஓவர்சியர்:
வேண்டாம் தம்பி. கனமான மூடி என்றால் இரண்டு வாரம் திறப்பார்கள், மூன்றாவது வாரம் விட்டுவிடுவார்கள், தொட்டி நிறைந்து எண்ணெய் பழையபடி போகும். இரும்புத் தகட்டில் இரண்டு துண்டாக, ஒரு ஆள் தூக்குகிற மாதிரி கைப்பிடி வைத்துப் போடுங்கள். வாரத்தில் எந்தக் கிழமை கடை லீவோ அன்றைக்கு அள்ளிவிடுங்கள், அள்ளியதைக் குப்பை வண்டியில் கொடுங்கள்.